மாமனார் கேட்ட பியர்

ரங்கூனில் கலால் அலுவலகத்தில் நான் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தேன். கள், சாராயம், பியர், அபின் என்று மனிதன் தன்னை மறப்பதற்காகக் கண்டுபிடித்த எல்லாவற்றுக்கும் எங்கள் அறையில் ஒரு விதி இருந்தது. விதிக்கு ஒரு விலக்கு இருந்தது. விலக்கைக் கேட்டுப் பெறுவதற்கு ஒரு முறை இருந்தது. அத்தனையும் எனக்கு மனப்பாடம். அந்தச் சரக்குகளில் எதுவும் ஒரு சொட்டுக்கூட என் நாக்கில் பட்டதில்லை. அதை ஒழுக்கம் என்று அலுவலகத்தில் மெச்சிக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் என் மனைவியின் அப்பா எங்களோடு வந்து தங்கினார். ரயில்வேயில் என்ஜின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மாந்தலே வரைக்கும் உள்ள ஒவ்வொரு வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வந்தபோதே அவர் இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. வயிற்றில் கட்டி என்றார் டாக்டர். வங்காளத்துக்காரர், அனாவசியமாக ஒரு சொல் பேசமாட்டார். அறுத்து எடுக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டு, மாடிப்படி இறங்கும்போது என்னிடம் மட்டும், "இனி அவர் எதைக் கேட்கிறாரோ அதைக் கொடுங்கள்" என்றார். அலுவலக மொழியில் இதற்கு 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று பொருள். அந்தக் குறிப்பை நானே எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன். என் வீட்டுப் படியில் ஒருவர் அதைச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. வலியைக்கூட அவர் பெரிதாகச் சொல்லவில்லை, சாப்பாடுதான் பிரச்சினை. என் மனைவி மீன் குழம்பு வைத்தாள், மிளகு ரசம் வைத்தாள், தெருவில் கூவி விற்கும் பர்மாக்காரியிடம் மீன் சாறு ஊற்றிய சேமியாவான மொஹிங்காவைச் சுடச்சுட வாங்கிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவார். அப்பா சாப்பிடாத தட்டை எடுத்துக்கொண்டு அவள் அடுப்படிக்குப் போகும்போது அவள் முகத்தைப் பார்க்காமலிருக்க நான் செய்தித்தாளை விரித்துக்கொள்வேன்.

ஒரு நாள் காலை அவரே வாய் திறந்தார்.

"ஃபோர்மன் வீட்டு பியர் ஒரு கிளாஸ் கெடைச்சா, ரெண்டு வாய் சோறு எறங்கும் மாப்ளே."

அன்று மாலையே கடையிலிருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இது பாட்டில் கழுவுன தண்ணி" என்றார். மறுநாள் விலை கூடுதலான வேறொன்று வாங்கினேன். "இது நல்லாக் கழுவுன தண்ணி" என்றார்.

ஃபோர்மன் என்பவர் இன்செயின் ரயில்வே குடியிருப்பில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியர். என்ஜின் கொட்டகைக்கு மேலதிகாரி. சொந்த உபயோகத்துக்காக வீட்டிலேயே பியர் காய்ச்சுவார். மாமாவின் மேல் அவருக்கு என்ன பிரியமோ, ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டு ஒரு கிளாஸ் கொடுப்பாராம். பின்பக்கப் படிக்கட்டில் உட்கார வைத்துத்தான் கொடுப்பார். என் மனைவிக்கு இது புதுச் செய்தி.

"படியில உக்கார வெச்சுக் குடுத்ததையா இப்படி ஆசையாக் கேக்கறீங்க? உள்ள கூப்புடக் கூடாதா அந்த மனுசன்?"

"உள்ள போனா அவன் பொண்டாட்டி பியானோ வாசிப்பாம்மா. படிதான் சொகம்."

ஃபோர்மன் இறந்து வெகுநாள் ஆகியிருந்தது. அப்படியானால் அந்தச் சுவை எப்படி இருக்கும் என்று மாமாவைத்தான் கேட்க வேண்டும். கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, சிக்னல் கம்பத்தை நினைவுபடுத்துகிறவர்போல மெதுவாகச் சொன்னார்.

"மொதல்ல இனிப்பு தெரியணும். அதை முழுங்கறதுக்குள்ள கசப்பு வரணும். வந்து இனிப்பைத் தொடைச்சுட்டுப் போயிரணும். நாக்கு காலியா நிக்கணும். அப்பத்தான் பசிக்கும்."

நான் அதுவரை படித்த எந்தச் சட்டப் பிரிவும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. அதனாலேயே இதை நிறைவேற்றிவிடலாம் என்று நம்பினேன்.

முதலில் அனுமதி. வீட்டு உபயோகத்துக்கு ஒரு பானை காய்ச்சுவதானாலும் எங்கள் அலுவலகத்தைக் கேட்காமல் முடியாது. மாமாவின் பெயரில் மனு எழுதினேன். மனு என் மேசைக்கே வந்தது. உறவினர் விஷயத்தில் நான் குறிப்பு எழுதக் கூடாதென்பதால் அடுத்த மேசைக்குத் தள்ளினேன். அடுத்த மேசைக்காரர் அதை என்னிடமே கொண்டுவந்து, "இதுக்கு என்ன எழுதணும் சார்?" என்று கேட்டார். சொன்னேன். எழுதினார். அனுமதி வந்தது. இந்தக் கதையில் தடங்கலில்லாமல் முடிந்த காரியம் இது ஒன்றுதான்.

அடுத்து, இன்செயினுக்குப் போய் ஃபோர்மனின் விதவையைப் பார்த்தேன். கணவர் எப்படிக் காய்ச்சினார் என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. காய்ச்சும் அறைக்குள் யாரையும் விடமாட்டாராம். ஆனால் அவர் சீமையிலிருந்து வரவழைத்த ஹாப் பூ ஒரு தகரப் பெட்டியில் மிச்சமிருந்தது. சின்ன வெங்காயம் அளவில், செதிள் செதிளாக, காய்ந்துபோன பூ. பியருக்குக் கசப்பைத் தருவது அதுதான். எத்தனை வருஷத்துச் சரக்கென்று கேட்டேன். "அவருக்குத்தான் தெரியும்" என்றாள். பெட்டியைத் தந்துவிட்டு, திரும்ப வேண்டாம் என்றும் சொன்னாள்.

நூலகத்தில் பியர் வடிப்பது பற்றி இரண்டு தடித்த புத்தகங்கள் கிடைத்தன. இரண்டையும் படித்தேன். இனிப்பு மால்ட்டிலிருந்து வருகிறது. ஈஸ்ட் அந்த இனிப்பைத் தின்று மதுவாக்குகிறது. தின்றது போக மிஞ்சும் இனிப்புக்கு ஏற்பக் கசப்பை அமைக்க வேண்டும். ஹாப் பூவை நெடுநேரம் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும், மணம் போய்விடும். கடைசியில் போட்டால் மணம் நிற்கும், கசப்பு இறங்காது. எல்லாம் தெளிவாக இருந்தது. அளவுகளும் இருந்தன. ஆனால் அவை புதுப் பூவுக்கும் குளிர்ந்த ஊருக்கும் சொல்லப்பட்டவை. வயது தெரியாத பூவுக்கும் ரங்கூன் வெயிலுக்கும் அளவு எழுத அந்த ஆசிரியர்களுக்குத் தோன்றவில்லை.

மால்ட் சாறு மருந்துக் கடையில் கிடைத்தது. நோஞ்சான் குழந்தைகளுக்காக டப்பாவில் விற்பது, தேன் போலக் கெட்டியாக இருக்கும். ஈஸ்ட்டை ரொட்டிக் கடையில் வாங்கினேன். காலி பாட்டில்களைச் சீனர் கடைகள் நிறைந்த லத்தா பேட்டையில் ஒருவரிடம் பேரம் பேசி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஈயம் பூசிய அண்டாவில் கொதிக்கவைத்து, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே இறக்கி ஆறவைத்து, மெருகேற்றிய பர்மியச் சாடியில் ஊற்றி மூடினேன். இனிப்பை அளக்க ஒரு கண்ணாடி மிதவையும் வாங்கியிருந்தேன். தினமும் அதை மிதக்கவிட்டுப் பார்ப்பேன். இனிப்பு இறங்கிக்கொண்டே போனது. எவ்வளவு இறங்கியது என்று மிதவை சொல்லும். எப்படி நிறுத்துவதென்று சொல்லாது.

மாமா சாடியிருந்த மூலைக்குப் பக்கத்தில் தன் நாற்காலியைப் போடச் சொன்னார். உள்ளே பொங்கும் சத்தம் கேட்குமாம். "பாய்லர் நல்லாத்தான் வேலை செய்யுது" என்பார்.

பொங்கல் அடங்கியதும் பியரைப் பாட்டில்களில் நிரப்பினேன். முதல் கிளாஸை அவர் கையில் கொடுத்தபோது என் மனைவி தட்டில் சோறும் குழம்பும் பரிமாறித் தயாராக வைத்திருந்தாள். அவர் ஒரு மடக்குக் குடித்தார். முகம் சுருங்கியது.

"மாப்ளே, இது கொய்னா. மலேரியாவுக்குக் குடுப்பாங்களே, அது."

"ரொம்பக் கசப்பா மாமா?"

"ஜொரம் இருந்தா எறங்கியிருக்கும்."

சோறு அப்படியே இருந்தது. பழைய பூ, வீரியம் குறைந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருந்தேன். பூ என் கணக்கைப் படிக்கவில்லை.

என் மனைவி சளைக்கவில்லை. "பாவக்காய்க் கொழம்புல கசப்பு தூக்கலா இருந்தா என்ன செய்வோம்? வெல்லம் போடுவோம். அவ்வளவுதானே?"

"இதுல போட்டா நிக்காது. ஈஸ்ட் தின்னுடும்."

"எல்லா வெல்லத்தையுமா தின்னுடும்? அதுக்கு என்ன வயிறா?"

வயிறுதான் என்று விளக்கினேன். போடும் இனிப்பெல்லாம் மதுவாகிவிடும், பியர் இன்னும் வறண்டு கசப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும் என்றேன். அவள் தலையாட்டினாள். எனக்குத் தெரிந்த வரையில் அந்தத் தலையாட்டலுக்குச் சம்மதம் என்று ஒருபோதும் பொருள் இருந்ததில்லை. நான் அலுவலகம் போனதும், ஒவ்வொரு பாட்டிலிலும் பனைவெல்லத்தை நுணுக்கிப் போட்டு, அடைப்பானைத் தட்டி இறுக்கி, கம்பி போட்டு முறுக்கிக் கட்டிலுக்கு அடியில் வரிசையாக அடுக்கிவிட்டாள். கம்பியை அவள் முறுக்கியிருந்த நேர்த்தியை அலுவலகத்தில் யாரிடமும் நான் கண்டதில்லை.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் பாட்டில்கள் வெடித்தன. ஒன்று வெடித்த அதிர்ச்சியில் அடுத்தது. நான் வீட்டுக்கு வந்தபோது கீழ்வீட்டு பர்மிய அம்மாள் படியில் நின்றுகொண்டிருந்தாள். தலைமைக் குமாஸ்தாவை பர்மியர்கள் அழைக்கும் 'சாயேஜீ' என்ற பட்டத்தை அவள் அன்று அழுத்தி உச்சரித்தாள்.

"சாயேஜீ, உங்க வீட்டில சண்டையா, கலியாணமா?"

"பாட்டில் வெடிச்சிருச்சு அம்மா. மன்னிச்சுக்குங்க."

"பலகை இடுக்கு வழியா என் தலையில ஒழுகிச்சு. நக்கிப் பார்த்தேன். இன்னிக்கு விரத நாள். மதுவைத் தொடமாட்டேன்னு காலையிலதான் சீலம் எடுத்துட்டு வந்தேன்."

"வேணும்னு குடிக்கலையே. அதனால சீலம் கெடாதுன்னு நெனைக்கிறேன்" என்றேன். விதிவிலக்கு சொல்வது கைவந்த பழக்கம்.

அவள் ஒரு கணம் யோசித்தாள். "ஒரு தடவைதான் நக்கினேன்னா கெடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வெடிக்காமல் தப்பிய பாட்டில்கள் சில இருந்தன. அவற்றில் ஒன்றை மாமாவுக்குக் கொடுத்தோம். முன்னைவிடக் கசப்பு. "கொய்னாவுக்கு இப்பக் கோவமும் வந்திருக்கு" என்றார். என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னேனே என்று சொல்லலாம்தான். சொல்லி அவர் சாப்பிட்டுவிடப் போகிறாரா?

இரண்டாவது தடவை பூவைப் பாதியாகக் குறைத்தேன். கசப்பு குறைந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. ஹாப் பூ கசப்புக்கு மட்டும் அல்ல, கெடாமல் காப்பதற்கும்தான் என்று புத்தகத்தில் படித்திருந்தேன், அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். அது மழைக்கு முந்திய புழுக்கக் காலம். சாடி இரண்டு மூன்று நாளிலேயே புளித்துவிட்டது. மாமா குடித்துப் பார்த்துவிட்டு, "பழைய சோத்துத் தண்ணி. ஒரு மொளகா இருந்தாக் குடு" என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவர் தாடை எலும்பு தெரிந்த விதத்தை நான் பார்த்தேன், என் மனைவியும் பார்த்தாள். நாங்கள் இருவரும் சிரித்தோம்.

கசப்பைக் கூட்டினால் விழுங்க முடியவில்லை. குறைத்தால் புளிக்கிறது. இனிப்பைக் கூட்டினால் வெடிக்கிறது. நடுவில் எங்கோ ஓர் இடம் இருக்கிறது, ஃபோர்மன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அங்கே போய்வந்தார். எனக்கு வழி தெரியவில்லை. வழியைத் தேடக் காலமும் இல்லை. ஒவ்வொரு சாடியும் தயாராக எடுத்துக்கொள்ளும் நாட்களில் மாமா ஒரு சுற்று இளைத்தார். ஈஸ்ட்டை அவசரப்படுத்த ஒரு நடைமுறை உண்டா என்று தேடினேன். சூடு கொடுத்தால் வேகம் கூடும், சுவை கெடும் என்று எழுதியிருந்தது.

மூன்றாவது சாடியைப் போடும்போது மாமா ஒன்றை நினைவுகூர்ந்தார். ஃபோர்மன் வீட்டிலிருந்து பூ மணம் இரண்டு தடவை வரும், காலையில் ஒரு தடவை, உச்சிக்கு முன்னால் ஒரு தடவை. அப்படியானால் பூவை இரண்டு தவணையாகப் போட்டிருக்கிறார். நானும் அப்படியே போட்டேன். மால்ட்டைக் கூட்டினேன். வெல்லத்தை அறவே ஒதுக்கினேன். முதன்முறையாக அண்டாவிலிருந்து வந்த ஆவிக்கு மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது அதுதான். இதே வாசம்தான்" என்றார்.

அது முற்றும்வரை காத்திருக்க என் மனைவிக்கு மனம் வரவில்லை. கசப்பு மிஞ்சிய முதல் சாடிப் பாட்டில்கள் இரண்டு மூன்று இன்னும் இருந்தன. அவள் பனைவெல்லத்தைப் பாகு காய்ச்சி வடிகட்டி எடுத்து வந்தாள்.

"பாட்டில்ல போட்டாத்தானே அந்த ஈஸ்டு திங்கும்? கிளாஸ்ல ஊத்தி உடனே குடிச்சுட்டா எப்பத் திங்கும்?"

இந்த வழி இரண்டு புத்தகங்களிலும் இல்லை. அவள் சொன்னது முழுக்கச் சரி.

கிளாஸில் பியரை ஊற்றி ஒரு கரண்டி பாகு விட்டுக் கலக்கிக் கொடுத்தாள். மாமா குடித்தார்.

"கசக்குது."

இன்னொரு கரண்டி.

"இனிப்பு தெரியலம்மா."

இன்னும் இரண்டு விட்டாள். நுரை பழுப்பாகிவிட்டது. அவர் வாயில் வைத்துக்கொண்டு, நாக்கால் எல்லாப் பக்கமும் தேடினார். தேடுவது கன்னத்தில் தெரிந்தது. பிறகு விழுங்கிவிட்டுத் தலையை அசைத்தார்.

"வெறும் கசப்புதான் வருது."

"பாகு சரியாக் கரையலையோ என்னமோ" என்றாள் அவள். என்னைப் பார்த்தாள். "நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

அந்த கிளாஸை வாங்கி ஒரு மடக்குக் குடித்தேன். என் வாழ்க்கையில் முதல் மது. பாயசம் போல இருந்தது. பல் கூசும் இனிப்பு. கசப்பு எங்கோ அடியில், தூரத்தில் போகும் வண்டிச் சத்தம்போலக் கேட்டது.

என் முகத்திலிருந்தே அவள் தெரிந்துகொண்டாள். கையிலிருந்த கரண்டியைப் பாகுக் கிண்ணத்தில் வைத்தாள்.

"நாக்கு செத்துப்போச்சா மாப்ளே?" என்று மாமா கேட்டார். சிக்னல் விழுந்துவிட்டதா என்று கேட்கும் தொனியில்தான் கேட்டார்.

"இல்ல மாமா. பூ பழசு. அதான் இவ்வளவு கசப்பு."

"அப்ப அடுத்த சாடி?"

"அடுத்தது சரியா வரும்."

"எப்ப?"

"சீக்கிரம்."

அவர் தலையாட்டினார். மகளுடைய தலையாட்டல் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது.

மூன்றாவது சாடி பாட்டிலில் அடைபட்டுத் தெளிந்துகொண்டிருந்தபோது மாமா போய்விட்டார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்து, சாடி இருந்த மூலையைப் பார்த்தபடி. அதற்குப் பிறகு செய்ய வேண்டியவற்றுக்கெல்லாம் முறைகள் உண்டு. அவையும் எனக்குத் தெரியும். ஒன்றுவிடாமல் செய்தேன்.

கருமாதியன்று படையல் போட்டோம். செத்துப்போனவருக்கு உயிரோடு இருந்தபோது எதெல்லாம் பிடிக்குமோ அதெல்லாம் இலையில் இருக்க வேண்டும். என் மனைவி சோறும் மீன் குழம்பும் பொரியலும் வைத்தாள். அவர் புகைத்த பர்மாச் சுருட்டு வைத்தாள். பிறகு மூன்றாவது சாடியின் பாட்டில் ஒன்றைத் திறக்கச் சொன்னாள். திறந்தேன். வெடிக்கவில்லை. நல்ல பொன்னிறம். கிளாஸ் நிறைய, விளிம்புக்கு மேலே நுரை நிற்கும்படி ஊற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். கற்பூரம் காட்டி முடித்ததும், அவர் வந்து சாப்பிடுவதற்காகக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே கொஞ்ச நேரம் நின்றோம்.

கதவைத் திறந்ததும் அவள்தான் முதலில் உள்ளே போனாள்.

"இங்க பாருங்க. கொறைஞ்சிருக்கு."

கிளாஸில் பியர் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. நுரை அடங்கினால் மட்டம் இறங்கும். மது அளந்து விற்கும் இடங்களில் அந்தக் கழிவுக்கென்று தனி விதியே உண்டு.

"ஆமா, கொறைஞ்சிருக்கு" என்றேன்.

படையலில் வைத்ததை வீட்டார் சாப்பிட வேண்டும். கிளாஸை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். இனிப்பு தெரிந்தது. அப்புறம் கசப்பு வந்தது. வந்த கசப்பு இனிப்பைத் துடைத்ததா, இல்லை, இனிப்பு தானாகவே போனதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். பசித்தது உண்மை. ஆனால் காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. அந்தப் பசியைச் சாட்சியமாக எந்த அலுவலகமும் ஏற்றுக்கொள்ளாது.

"சரியா வந்திருக்கா?" என்று அவள் கேட்டாள். "சோறு எறங்கியிருக்கும்ல?"

நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"பரிமாறு. எனக்கு நல்லாப் பசிக்குது" என்றேன்.

அவள் சோற்றை அள்ளி வைத்தாள்.